சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்காத கிணறு

என் கணினிக்குள் ஒரு பாறை இருக்கிறது. பல வருடமாக வளர்க்கிறேன். நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்கும். அமுக்கினால் அமுங்கும், விட்டால் நிமிரும், நான் விரிசல் போட்ட இடத்தில் மட்டும் விரியும். நிஜப் பாறைகள் இத்தனை அடக்கமானவை அல்ல. என் கவலையெல்லாம் அதுதான்.

என்ன வேலை பார்க்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தித் திரவம் போலாக்கி, பூமிக்கடியில் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே இருக்கும் உப்புநீர்ப் பாறைக்குள் செலுத்தினால் அது அங்கேயே கிடக்கும் என்பது திட்டம். கிடக்குமா என்பது கேள்வி. வாயு உள்ளே போகப் போக அழுத்தம் ஏறும், பாறை உப்பும். அதற்கு மேலே மூடி போல இருக்கும் பாறை தாங்க வேண்டும். பழைய விரிசல்கள் அசையாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. டாக்டர் மனிதருக்கு பிரஷர் பார்க்கிறார், நான் பாறைக்குப் பார்க்கிறேன் என்று உறவினர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம் எங்கள் திட்டத்தைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வண்ண வண்ணப் படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "எல்லாம் அழகா இருக்கு. உங்க மாடல், நிஜப் பாறை ஒண்ணு செஞ்ச காரியத்தை ஒரு தடவையாவது சரியா சொல்லியிருக்கா?" என்று கேட்டார். பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்தது. அடுத்த கூட்டத்துக்குள் பதில் வராவிட்டால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். என்னோடு இருக்கும் இரண்டு இளையவர்களின் வேலையும் கூடவே போகும்.

யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பியது அதனால்தான். அங்கே நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். கடலுக்கு அருகில் உள்ள சில கிணறுகளில் கடல் ஏறும்போது தண்ணீர் ஏறும், கடல் இறங்கும்போது இறங்கும். கடல் எவ்வளவு ஏறியது என்று மட்டும் என் மாடலுக்குச் சொல்லி, கிணறு எவ்வளவு ஏறும், எவ்வளவு தாமதமாக ஏறும் என்று அது சரியாகச் சொல்லிவிட்டால் பெரியவருக்குப் பதில் கிடைத்துவிடும். கிணற்றை நாலு நாள் யாரும் தொடாமல் இருந்தால் போதும்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு, அங்கேதான் தங்கினேன். என் அம்மா பக்கத்து வீட்டில், "திருநெல்வேலிக்குத்தான் போயிருக்கா, அல்வா வரும்" என்று சொல்லிவிட்டாள். இந்தத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, மாணவர்கள் தங்கும் அறைகள் இருக்கின்றன. அல்வாவைத் தேடிப் பார்த்தேன், நான் பார்த்த கடைகளில் இல்லை. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தன. சொதியை நான் கிண்ணத்தோடு குடித்ததைப் பார்த்து, பரிமாறியவர் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

என்னை வரவழைத்தவர் சிவநேசன். வளாகத்தில் விரிவுரையாளர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வல்வெட்டித்துறைக் கடலில் நீர்மட்டம் அளக்க ஒரு கருவியை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். அவருடைய மாணவர்களிடம் நான் "கார்பன்-டை-ஆக்சைடு" என்றதும் பின்வரிசையில் சிரிப்பு. அவர்கள் "காபனீரொட்சைட்டு" என்றார்கள். அதை நான் சொல்லிப் பார்த்தபோது முன்வரிசையும் சிரித்தது.

பலாலி வீதியில் மினிபஸ் ஏறினோம். என்னிடம் இரண்டு அழுத்தமானிகள் இருந்தன. விரல் நீள உலோகக் குழாய்கள், தண்ணீருக்குள் தொங்கவிட்டால் நிமிடத்துக்கு நிமிடம் மட்டத்தைப் பதிந்துகொள்ளும். ஒன்று கைப்பையில். மற்றது, கேபிள் சுற்றிய பெட்டியோடு. நடத்துனர் பெட்டியை வாங்கி, யாரென்றே தெரியாத ஒரு அம்மாவின் மடியில் வைத்தார். அவரும் பேரப்பிள்ளையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார். நெல்லியடியில் நாங்கள் இறங்கினோம், பெட்டி இறங்கவில்லை. பருத்தித்துறை வரை போய்விட்டது.

"யோசியாதேங்கோ அக்கா, அதே பஸ் திரும்பி வரும்" என்றார் சிவநேசன். சென்னையில் யாராவது இப்படிச் சொன்னால் நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போயிருப்பேன்.

பெட்டிக்காகக் காத்திராமல் தோட்டத்துக்குப் போனோம். வல்வெட்டித்துறைக்குச் சற்று உள்ளே, செம்மண்ணில் சின்ன வெங்காயம் நின்றது. நடுவில் பெரிய வட்டக் கிணறு, மூன்று குடும்பங்களின் பங்குக் கிணறு. பங்காளிகள் சார்பில் பேசியவர் பரமேசுவரி அக்கா. அறுபது வயதிருக்கும். வெங்காயத்தைப் பார்க்கும் அதே கண்ணால் என்னையும் பார்த்தார்.

"புகையைக் கொண்டு வந்து எங்கடை காணிக்குள்ளை புதைக்கப் போறியளோ?"

"இல்லைக்கா. இந்த இடத்துல யாருமே செய்ய மாட்டாங்க. உங்க கல்லு முழுக்க ஓட்டை, அதுக்குள்ள குடிதண்ணி. அது வேற எங்கேயோ, ரொம்ப ஆழத்துல."

"அப்ப இங்கை ஏன் வந்தனீங்கள்?"

"என் கணக்கு சரியான்னு பார்க்க."

"உங்கடை கணக்குப் பிழைச்சால் ஆற்றை கிணறு கெடும், பிள்ளை?"

பெரியவர்கூட இவ்வளவு நேராகக் கேட்கவில்லை. யாருடைய கிணறும் கெடக் கூடாது என்றுதான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் கிணற்றின் உட்சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லைக் காட்டினார். "இந்தக் கல்லுக்குக் கீழை ஆரும் இறைக்கேலாது. அடுத்த முறைகாரருக்குத் தண்ணி வைச்சுத்தான் முறையை விடவேணும். அதுதான் இங்கத்தைய ஒழுங்கு. நாலு நாள் முறை உங்களுக்குத் தாறம். நாலு நாள் வெங்காயம் தாங்கும். அஞ்சாம் நாள் தாங்காது. சொல்லிப்போட்டன்."

அவருடைய மச்சான் நடராசா அண்ணைதான் அன்றைய முறைகாரர், அதாவது அன்று தண்ணீர் இறைக்கும் உரிமை அவருடையது. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறைப்பு மிசினை நிறுத்திவிட்டு, கைகளைத் துடைத்து, என்னைப் பார்த்து, "முறை விட்டாச்சு" என்றார். அதைச் சொல்லாவிட்டால் அடுத்தவர் மிசினில் கை வைக்க மாட்டாராம். கோயில் மரியாதை மாதிரி இருந்தது. "சரிங்கண்ணே" என்று சிரித்தேன்.

கைப்பையில் இருந்த அழுத்தமானியைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டேன். அளவுக்கு ஓர் ஆரம்பப் புள்ளி வேண்டுமே என்று, தண்ணீர் நின்ற மட்டத்தில் சிவப்புச் சாயத்தால் சுவரில் ஒரு கோடு போட்டேன். "தண்ணி மட்டம் ரொம்ப முக்கியம் அண்ணே. யாரும் கைவைக்காம பார்த்துக்கணும்."

"நான் காவல் நிக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." ஒரு பிளாஸ்டிக் கதிரையும் குடையும் கொண்டுவந்து அப்போதே உட்கார்ந்துவிட்டார்.

மாலையில் பெட்டி திரும்பி வந்தது. அதன்மேல் ஒரு கட்டு முருங்கைக்காயும் இருந்தது. மடியில் வைத்திருந்த அம்மா கொடுத்துவிட்டாராம். அந்த இரண்டாவது அழுத்தமானியைக் கடலோரக் கிணறு ஒன்றில் போடுவதாகத் திட்டம். அங்கே போக நேரமில்லாததால், அங்கே ஒழுங்கை என்று சொல்கிற சந்துக்கு அந்தப் பக்கம் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு சிறு கிணற்றில் சும்மா இறக்கிவைத்தேன்.

மறுநாள் எனக்கு வேலை இல்லை. கிணறு வேலை செய்துகொண்டிருக்கும், நான் சாப்பிடலாம். சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்க் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கினேன். எங்கள் ஊர் மாம்பழங்களுக்காக நான் பல மேடைகளில் வாதாடியிருக்கிறேன். அந்த வாதத்தை இனிமேல் கொஞ்சம் மெதுவான குரலில் செய்வேன். மத்தியானம் பரமேசுவரி அக்கா வீட்டில், பஸ்ஸில் வந்த முருங்கைக்காய்க் கறியோடு பிட்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், நான் பிரஷர் பார்க்கிற டொக்டர் என்று கேள்விப்பட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். கல்லுக்கு மட்டும்தான் பார்ப்பேன் என்றதும், "அப்ப கல்லுக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பிற்பகல், இரண்டு குழாய்களிலும் பதிந்ததை இறக்கிக்கொண்டு யாழ்ப்பாண நகருக்குப் போனோம். ஐஸ்கிரீம் கடை நிரம்பி வழிந்தது. தெற்கிலிருந்து சுற்றுலா வந்த இளைஞர்கள் பக்கத்து மேசையில் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிவநேசன் மொழிபெயர்த்தார். "நண்டுக் கறி சாப்பிட்ட வாய்க்கு மூண்டாவது ஐஸ்கிரீமாம். இன்னும் எரியுதாம்." நானும் சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தேன். அதோடு சிரிப்பு நின்றது.

மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அலை ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். வந்திருந்தது ரம்பத்தின் பல். பகலில் தண்ணீர் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கும், உடனே சாண் உயரம் எகிறிக் குதிக்கும், பிறகு சிறுகச் சிறுக வடியும். எந்தக் கடலும் அப்படிச் செய்யாது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது. என்னை நம்பி இருக்கும் இரண்டு பேரின் முகம் நினைவுக்கு வந்தது.

ஓட்டோ பிடித்துத் தோட்டத்துக்கு ஓடினோம். ஒழுங்கை முகப்பில் ஒரு பவுசர், அதுதான் அந்த ஊர்த் தண்ணீர் லாரி, வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் குழாய் வளைந்து போய் எங்கள் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. கதிரையில் நடராசா அண்ணை. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்ன செய்றீங்க?"

"வாங்கோ பிள்ளை. மத்தியானத்திலை இறங்கப் பார்த்தது. விட்டனே? உங்கடை கோட்டுக்குக் கீழை ஒரு விரக்கடை இறங்க முன்னம் மருமோன்ரை பவுசரைக் கூப்பிட்டுப்போடுவன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் கிணற்றுச் சுவரில் ஒரு குறி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தண்ணீர் அதற்குக் கீழே போகக் கூடாது. நான் கோடு போட்டுக் காவலும் கேட்டிருக்கிறேன். விருந்தாளியின் முறையில் கிணறு குறிக்குக் கீழே போனால் காவல் நின்றவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம். அதனால் வேறு ஊர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றி வந்து, மூன்று நாளாக எங்கள் கிணற்றுக்கு ஊற்றியிருக்கிறார்.

"கிணத்துக்குத் தண்ணி கொண்டு வாற பவுசரை நான் இப்பதான் வாழ்க்கையிலை காணுறன்" என்றார் ஒழுங்கையில் சைக்கிளோடு நின்ற ஒருவர்.

தண்ணீர் இறங்குவதைத்தான் அளக்க வந்தேன் என்று நான் விளக்கியதும் நடராசா அண்ணையின் முகம் வாடிவிட்டது. எழுந்து நின்றார். குடையை மடக்கினார், திரும்ப விரித்தார். அவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பரமேசுவரி அக்கா வேலிப் பக்கமிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னும் நாலு நாள் மூடுவம், பிள்ளை. வெங்காயம் போனால் போகட்டும்" என்றார்.

சொன்னவர் வெங்காயத்தின் பக்கம் திரும்பவில்லை. தாள் நுனிகள் ஏற்கெனவே மஞ்சள் பூசத் தொடங்கியிருந்தன. "வேண்டாம்கா. சொன்ன நாள் சொன்னதுதான்" என்றேன். என் கணக்குக்காக ஒரு பாத்தி வெங்காயம்கூடச் சாகக் கூடாது என்று அந்த நேரத்தில் எனக்குப் பிடிவாதமே வந்துவிட்டது.

நான்காம் நாள் காலை அறையில் உட்கார்ந்து, இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தோம். நடராசா அண்ணை பகலில்தான் காவல், இரவில் வீட்டில் தூங்கியிருக்கிறார். இரவுப் பகுதியில் பவுசர் தண்ணீர் வடிந்த சரிவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அலை வழவழவென்று வந்தது. மாடலை ஓட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. சிவநேசன் மேசையைத் தட்டினார். நான் நாற்காலியிலேயே ஒரு சுற்று ஆடினேன்.

அப்புறம்தான், ஒழுங்கைக்கு அந்தப் பக்கக் கிணற்றில் சும்மா போட்டு வைத்த குழாயை நினைத்துக்கொண்டேன். அது பதிந்திருந்த வரைபடத்தில் பகல் வேளைகளில் சின்னச் சின்னப் புடைப்புகள். பவுசர் ஊற்றிய ஒவ்வொரு தடவையும் அந்தக் கிணறும் ஏறியிருந்தது. அதுவும் உடனே, பவுசர்காரர் குழாயைச் சுருட்டி முடிப்பதற்குள். என் மாடலைக் கேட்டால், அவ்வளவு தூரம் அழுத்தம் போய்ச் சேர இரண்டு நாள் பிடிக்கும், சேரும்போது இருக்கிற இடமே தெரியாது என்றது.

பிட்டு மாவை ஒரு பக்கம் இறுக்கமாக அடைத்தால் ஆவி இளகிய பக்கமாகப் பாய்ந்து போய்விடும். இங்கும் அதேதான். இரண்டு கிணறுகளுக்கும் நடுவே கல்லில் ஒரு திறந்த வெடிப்பு ஓடுகிறது. கடல் மெதுவாக எல்லாப் பக்கமும் தள்ளும்போது அது தெரியவில்லை. ஓரிடத்தில் சட்டென்று ஊற்றும்போதுதான் தெரிகிறது. வாயுவையும் நாங்கள் ஓரிடத்தில்தான் ஊற்றப்போகிறோம்.

"அக்கா, ராத்திரிப் படத்தை மட்டும் காட்டலாம்தானே" என்றார் சிவநேசன் மெதுவாக. "அவர் கேட்டதுக்கு அது போதும். பொய்யும் இல்லை."

ஆசையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பவே ஆசையாக இருந்தது. ஒரு படம், ஒரு பொருத்தம், எங்கள் மூன்று பேருக்கும் வேலை. ஆனால் யாருடைய கிணறு கெடும் என்று பரமேசுவரி அக்கா கேட்ட கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. "ரெண்டையும்தான் காட்டணும்" என்றேன். சிவநேசன் தலையாட்டினார், பிளேன்ரீ போடப் போனார்.

மத்தியானம் அவசர அவசரமாகக் குழாய்களை எடுத்தேன். பரமேசுவரி அக்கா என் பைக்குள் ஒரு பொதி ஒடியலை, காய்ந்த பனங்கிழங்கை, திணித்தார். நடராசா அண்ணை கதிரையில்தான் இருந்தார். இன்னும் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்ததால் கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த நாள் காலை சென்னையில் கூட்டம். பெரியவர் வழக்கம்போல டீயோடு உட்கார்ந்திருந்தார். முதலில் பொருந்தும் படத்தைக் காட்டினேன், தலையசைத்தார். பிறகு பொருந்தாததைக் காட்டி, கிணற்றில் பவுசர் தண்ணீர் ஊற்றியபோது பக்கத்துக் கிணறும் ஏறியதைச் சொல்லி, "இதுல எங்க மாடல் தப்பு" என்றேன். அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

"பாறைக்குள்ள செலுத்திப் பார்த்திருக்கீங்க. நல்ல சோதனை. யார் வடிவமைச்சது?"

நான் வாயைத் திறக்குமுன் என் கைபேசி அலறியது. பரமேசுவரி அக்கா. ஐந்தாம் நாள் என்பது சுரீரென்று உறைத்து, எடுத்துவிட்டேன். பதற்றத்தில் விரல் எங்கேயோ பட்டு ஒலிபெருக்கியும் திறந்துகொண்டது.

"பிள்ளை, எங்கை நிக்கிறியள்?"

"கூட்டத்துல இருக்கேன்க்கா."

"அது கிடக்கட்டும். முறையை எடுத்தனீங்கள், விடாமல் போயிட்டியள். மச்சான் ஒருத்தரையும் மிசினிலை கை வைக்க விடுறார் இல்லை. விடியத் தொடங்கிக் கதிரையிலை இருக்கிறார். வெங்காயம் சாகப் போகுது."

எனக்கு முகம் சுட்டது. எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னிலையில், கைபேசியை நேராகப் பிடித்துக்கொண்டு, "நடராசா அண்ணே, முறை விட்டாச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் கதிரை நகரும் சத்தம். பிறகு அவர் குரல். "வடிவாய்க் கேட்டுது. மெத்தச் சந்தோசம்."

"யார் இவர்?" என்றார் பெரியவர்.

"சோதனையை வடிவமைச்சவர்."

பெரியவர் சிரிக்கவில்லை. கைபேசிப் பக்கம் நகர்ந்து, அளவு முக்கியம் என்கிற குரலில் கேட்டார். "ஐயா, நீங்க கிணத்துல ஊத்தின ஒவ்வொரு தடவையும் பவுசர் முழுசா நிறைஞ்சிருந்துதா?"

நடராசா அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறியள்? விருந்துக்கு வந்த பிள்ளையின்ரை கிணத்துக்கு ஆரும் அரைப் பவுசர் விடுவினமே?"

பெரியவர் பேனாவை எடுத்து, "முழு பவுசர்" என்று எழுதிக்கொண்டார். "அந்த வெடிப்பைப் போட்டு மறுபடி ஓட்டிக் கொண்டு வாங்க. நீங்களே" என்று என்னிடம் சொன்னார். என் இளையவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கைபேசியை அணைக்க மறந்து நின்றேன். அதற்குள் மிசின் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலாகப் பரமேசுவரி அக்கா, வாய்க்காலை மற்றப் பக்கம் திருப்பச் சொல்லி யாரையோ கத்திக்கொண்டிருந்தார்.